கணக்கு கை நீட்டினால்

கேள்வி: ரோபோவின் கை எப்படி நகர வேண்டும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்கிறது. வெறும் கணக்குக்குக் காப்புரிமை கேட்டு கோர்ட் வாசல் ஏறலாமா?

பதில்: வெறும் கணக்கென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கணக்கே ரப்பரை வேகவைத்தால்? அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1981இல் தீர்ப்பான ‘டயமண்ட் எதிர் டீர்’ வழக்கு அதுதான். அச்சுக்குள் வேகும் ரப்பரின் சூட்டை இடைவிடாமல் அளந்து, கம்ப்யூட்டர் நேரம் கணித்து, பதம் வந்ததும் பிரஸ் தானே திறந்துகொள்ளும். சமன்பாடோ பழைய அரீனியஸ் சமன்பாடு! ஆனாலும் காப்புரிமைக்குத் தகுதி உண்டென்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு.

ரோபோ கைக்கும் இதே நியாயம்தான். வெல்டிங் டார்ச்சைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி ரோபோவுக்குப் பாடம் நடத்துகிறவரைக் கேளுங்கள், அந்த வேலையைக் கணக்குப் போட்டு மிச்சப்படுத்தியவருக்கு உரிமை தரலாமா என்று. தாராளமாகத் தரலாம் என்பதே என் கட்சி. சமன்பாட்டைப் பூட்டி வைக்க மட்டும் விடக்கூடாது.