தாமிரபரணிப் பாசனப் பகுதியில் இரவல் புத்தகங்களின் போக்குவரத்து: ஓர் ஆய்வு

முன்னுரை

இரவல் போன புத்தகம் திரும்பாது என்பது ஊரறிந்த உண்மை. அது எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் முறையாக ஆராயவில்லை. திருநெல்வேலிச் சீமைக்கு இது பெருங்குறை. கார் சாகுபடிக்கு அணை எப்போது திறக்கும், பிசானத்துக்குத் தண்ணீர் நிற்குமா, அல்வா எந்தப் பதத்தில் நெய் கக்கும் என்பதையெல்லாம் துல்லியமாகச் சொல்லக்கூடிய ஊர் இது. ஆனால் அலமாரியிலிருந்து கிளம்பிப்போன ஒரு நாவலின் கதியைக் கேட்டால் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "இருக்கும் வே, எங்க போயிரப் போவுது?" ஆய்வுலகம் இதை ஏற்காது.

இக்கட்டுரையில் புத்தகம் கொடுப்பவர் 'புரவலர்' எனவும், வாங்குபவர் 'இரவலர்' எனவும் வழங்கப்படுவர். சங்க காலம் தொட்டு வரும் பெயர்கள். ஒரேயொரு வேறுபாடு, அந்தக் காலத்து இரவலர் யானையையே ஓட்டிக்கொண்டு போனாலும், புரவலர் ஒரு மாதம் கழித்து வாசலில் வந்து நின்று "அந்த யானை முடிஞ்சுதா?" என்று கேட்டதில்லை.

இத்துறையின் மேல்நாட்டு முன்னோடி சார்லஸ் லாம்ப். மனித குலத்தில் இரண்டே சாதிகள்தான், கடன் வாங்குபவன் ஒன்று, கொடுப்பவன் மற்றொன்று என்று 1820-லேயே நிறுவியவர். அவருடைய நண்பர் கவிஞர் கோல்ரிட்ஜ், வாங்கிப்போன புத்தகங்களின் ஓரமெல்லாம் குறிப்பு எழுதி நிரப்பித் திருப்பிக் கொடுப்பாராம். லாம்ப் அதை லாபக் கணக்கில் எழுதிக்கொண்டார். நம் பக்கத்து இரவலரும் ஓரத்தில் எழுதுவதுண்டு; பெரும்பாலும் பால் கணக்கு.

முதல் கருதுகோள்

இரவல் புத்தகம் ஆற்றோடு போகிறது என்பதே நான் முதலில் எடுத்துக்கொண்ட கருதுகோள். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று போய்ப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் முடிய 8 அணைக்கட்டுகள். மேலே இருப்பவர் எடுத்தது போக மிச்சம்தான் கீழே. புத்தகமும் அப்படியே. அம்பையில் ஒரு வாத்தியார் காசு கொடுத்து வாங்கிய நாவல் மைத்துனர் மூலமாகச் சேரன்மகாதேவிக்கு வருகிறது. அவருடைய சகலை பேட்டைக்கு எடுத்துப் போகிறார். சகலையோடு வேலை பார்ப்பவர் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகிறார். 1843-இல் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அந்தப் பாலத்தைக் கட்டிய முதலியார், எத்தனை பேருடைய அலமாரி காலியாக வழிசெய்கிறோம் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஸ்ரீவைகுண்டத்தை அடையும்போது புத்தகத்துக்கு அட்டை இல்லை. முதல் பாரம், அதாவது 16 பக்கம், இல்லை. கதாநாயகி எதற்கு அழுகிறாள் என்பது தெரியாமலேயே கடைமடைக்காரர் படிக்க ஆரம்பிக்கிறார். தண்ணீர் வரவில்லை என்றால் கலெக்டர் ஆபீசில் மனுவாவது கொடுக்கலாம்.

இக்கருதுகோளுக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. சுவடி தேடித் திருநெல்வேலிக்கு வந்த உ.வே. சாமிநாதையர், ஒரு வக்கீல் வீட்டிலிருந்த பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றோடு விட்ட கதையைக் கேட்டு நொந்துபோகிறார். 'என் சரித்திரம்' படித்தவர்கள் அந்த இடத்தைச் சுலபமாகக் கடந்திருக்க முடியாது. புத்தகம் ஆற்றோடு போகிறது என்பதை இதைவிட நேரடியாக எந்த ஆய்வேடும் நிரூபித்ததில்லை.

ஆனால் அதே ஐயர்தான் கருதுகோளைக் கவிழ்க்கவும் செய்கிறார். பத்துப்பாட்டுக்கு நல்ல பிரதி தேடி அவர் ஆழ்வார்திருநகரி போகிறார். ஆற்றின் கடைக்கோடி. லட்சுமண கவிராயர் வீட்டு ஏடுகளை நாள் கணக்காகப் புரட்டியும் பயனில்லை. கடைசியில் கவிராயருக்கு ஒன்று நினைவு வருகிறது: பாகம் பிரிந்தபோது கொஞ்சம் சுவடிகள் தேவர்பிரான் கவிராயர் வீட்டுக்குப் போயின. அவர் இவருக்கு மாமனார். மாமனாருக்கும் மருமகனுக்கும் அப்போது போக்குவரத்து இல்லை. இங்கே வாசகர் சற்று நிற்க வேண்டும். பேச்சுவார்த்தை நின்றுபோன மாமனார் வீட்டு வாசலில் போய்ப் புத்தகம் இரவல் கேட்பது என்றால் என்ன என்பது திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொத்து வழக்கு லேசு. லட்சுமண கவிராயர் போனார். சுவடியோடு வந்தார். நிலா வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்த ஐயர் கண்ணில் முல்லைப்பாட்டு பட்டது. 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது.

ஆய்வுநோக்கில் இதன் பொருள் என்ன? கடைமடையில் கிடந்த நூல் ஆற்றை எதிர்த்து ஏறி, அப்போது கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த ஒருவரோடு காவிரிப் பாசனத்துக்கே போய்விட்டது. நதிநீர் இணைப்பு பற்றி அரசாங்கங்கள் பேச ஆரம்பிப்பதற்கு வெகுகாலம் முன்பே தாமிரபரணியும் காவிரியும் இந்த விதமாக இணைக்கப்பட்டுவிட்டன. ஆகவே புத்தகத்தை நகர்த்துவது சரிவு அல்ல. வேறு ஏதோ ஒன்று.

கறைச் சான்றுகள்

அந்த வேறு ஒன்றைக் கண்டுபிடிக்க, திரும்பிவந்த அபூர்வமான பிரதிகளைச் சோதிப்பதே வழி. நெய்ப்பட்ட தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்துக்கு வந்து வரிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கறையைச் சுற்றி மஞ்சளாக ஒரு விளிம்பு. அதன் ஓரத்தில் பெருவிரல் ரேகை. இது அல்வா. விளிம்பு சிவந்திருந்தால் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். பழுப்பு வட்டம் தேநீர் டம்ளர். இடையில் செருகியிருக்கும் பஸ் டிக்கெட்டைப் பார்த்து இரவலர் எந்தத் தடத்தில் போய்வருகிறவர் என்பதையும் சொல்லிவிடலாம். காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தால் அவர் பொறுப்பான ஆள். அதோடு, புத்தகத்தின் பெயர் வெளியே தெரியாமலிருக்கவும் அது உதவும்.

கறைகளைவிட முக்கியம், அவை எந்தப் பக்கத்தோடு நிற்கின்றன என்பது. ஒரே இருப்பில் படிக்கப்பட்ட புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆள் வாழ்ந்த அடையாளம் இருக்கும். இத்தகைய பிரதிகள் சீக்கிரமாகத் திரும்பி வருகின்றன. ராத்திரி முடித்தவர் விடிந்ததும் வருகிறார். நெடுங்காலம் கழித்து, பெரும்பாலும் வீடு மாறும்போதோ வெள்ளையடிக்கும்போதோ மீட்கப்படும் பிரதிகளில் கறை நாற்பதாம் பக்கத்துக்குள் நின்றுவிடுகிறது. அப்புறம் பளிங்கு. பஸ் டிக்கெட்டும் அங்கேயே.

இதிலிருந்து பெறப்படும் முடிவு, பொது அபிப்பிராயத்துக்கு நேர்மாறானது. இரவலர் திருடர் என்று ஊர் நினைக்கிறது. அவர் திருடர் அல்லர்; கூச்சக்காரர். படித்து முடித்தவருக்கு அதைப்பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பேசுவதற்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். படிக்காதவர் எந்த முகத்தோடு வருவார்? "எப்படி இருந்துச்சு?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே அவர் ரத வீதியில் எதிர்ப்பக்கம் நடக்கிறார். ஒரு மாதிரி உரையாடல்:

"என்ன அண்ணாச்சி, அந்தப் பொஸ்தகம் முடிஞ்சுதா?"

"பாதி ஆயிருக்கு வே. ரெண்டு நாள்ல தந்துருதேன்."

"அவசரம் இல்ல. அந்தக் கெணத்துக்கிட்ட பேசுத எடம் வந்துட்டா?"

"...அதுக்குக் கொஞ்சம் முந்தி நிக்கேன்."

கிணற்று இடம் பத்தாம் பக்கத்தில் வருகிறது. புரவலர் இந்தத் தேர்வை நடத்தாமல் இருந்திருந்தால் புத்தகம் அந்த வாரமே வந்திருக்கும். ஆக, திரும்பாத புத்தகத்துக்குப் பாதிப் பொறுப்பு, கொடுத்த கையோடு வினாத்தாளும் தயாரிக்கும் நம் புரவலர்களையே சேரும்.

வட்டத்தொட்டி முறை

இச்சிக்கலை அடியோடு தீர்த்தவர் ஒருவர் உண்டு. வண்ணார்பேட்டையில் இருந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். படித்தது சட்டம், பிடித்தது கம்பன். 1920-களில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினார்கள். இடத்தின் பெயரே சபைக்கும் ஆகி 'வட்டத்தொட்டி' என்று தமிழிலக்கியத்தில் நிலைத்துவிட்டது. அங்கே யாரும் யாருக்கும் புத்தகம் இரவல் கொடுக்கவில்லை. புத்தகம் ஒன்று, காது பல. டி.கே.சி. ஒரு பாட்டை எடுப்பார், சொல்லுவார், மறுபடி சொல்லுவார், இசையோடு சொல்லுவார். கேட்டவர் மனத்தில் அது ஒட்டிக்கொள்ளும் வரை விடமாட்டார். கூட்டம் கலையும்போது எல்லோரும் பாட்டைக் கொண்டுபோனார்கள். புத்தகம் வீட்டிலேயே இருந்தது. அட்டை கிழியவில்லை, பாரம் குறையவில்லை, வினாத்தாள் இல்லை. பின்னால் அவர் குற்றாலத்துக்குக் குடிபோனபோது ராஜாஜி, கல்கி போன்றவர்களும் இதே முறையில் நனைக்கப்பட்டார்கள்.

கம்பன் விஷயத்தில் மட்டும் ரசிகமணி மேல் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. இடைச்செருகல் என்று அவர் ஆயிரக்கணக்கான பாடல்களை ஒதுக்கி வைத்தார். கம்பனை முழுசாக வாங்கிக்கொண்டு போய்ப் பாதிக்குமேல் திருப்பித் தரவில்லை என்பது பண்டிதர்கள் தரப்பு. என் சொந்த அபிப்பிராயம்: ரசனைக்காக இவ்வளவு துணிந்த ஆளிடம் இன்னும் ஒரு காண்டத்தைக்கூடக் கொடுத்துப் பார்க்கலாம்.

மானாவாரி நிலம்

ஆற்றுப்பாசனத்துக்கு வெளியிலும் புத்தகம் விளைந்ததைக் குறிப்பிடாவிட்டால் இந்த ஆய்வு ஒருதலைப்பட்சமாகும். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கரிசல் ஊர். 1923 செப்டம்பரில் ஒரே வார இடைவெளியில் அங்கே கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். சின்ன ஊர் ஒன்றில் இப்படி இரண்டு வாசகர்கள் அமைந்துவிட்டால் யார் புரவலர், யார் இரவலர் என்று பிரிக்க முடியாது. இருவரும் குற்றாலத்துக்கு டி.கே.சி.யைத் தேடியும் போனார்கள். அழகிரிசாமி பிழைப்புக்காக வெளியூர் போன பிறகு பேச்சு கடிதமாயிற்று. அந்தக் கடிதங்களைக் கி.ரா. புத்தகமாகவே போட்டுவிட்டார். புத்தகம் பற்றிய பேச்சே புத்தகமானதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அழகிரிசாமியின் புகழ்பெற்ற கதையான 'அன்பளிப்பு' நம் துறையின் மூலநூல் என்றே சொல்லலாம். புத்தகங்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் குழந்தைகளுக்கு நடுவே விடுபட்டுப்போன சாரங்கன், தானே ஒரு டைரியை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அவனுக்கு வேண்டியது டைரி இல்லை என்பது படித்த எவருக்கும் தெரியும். அந்தப் பெயர் கொண்ட தொகுதிக்கு 1970-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அழகிரிசாமி உயிரோடு இல்லை.

திருநெல்வேலிக்குத் திரும்புவோம். வண்ணநிலவன் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை ஒன்றில்தான் கலாப்ரியா கவிதை எழுதத் தொடங்கினார். பத்திரிகையின் பெயர் 'பொருநை', ஆற்றின் பழைய பெயர். கையெழுத்துப் பத்திரிகை என்பது நம் துறையின் லட்சிய வடிவம். இருப்பது ஒரே பிரதி, எல்லோருமே இரவலர், தொலைந்தால் இலக்கியமே தொலைந்தது. ஆகையால் நாற்பதாம் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை.

படித்ததும் ஓடிவந்து பேச முடியாத தூரத்தில் இருப்பவருக்கு என்ன வழி? விமர்சகர் தி.க.சி.யைத்தான் கேட்டிருக்க வேண்டும். டவுனில் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்துகொண்டு, எங்கோ ஓர் ஊரில் எவனோ ஒரு பையன் எழுதிய முதல் கதையைப் படித்துவிட்டு, அபிப்பிராயத்தைத் தபால் அட்டையில் நெருக்கி எழுதி அனுப்புவார். அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அவர்களில் பலர் தங்களிடமுள்ள இரவல் புத்தகங்களை அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை.

மூன்றாம் பாகப் பிரச்சினை

இறுதியாக, இப்பகுதி ஆய்வாளர்களை நெடுநாளாக அலைக்கழித்துவரும் ஒரு புதிர். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் ஏராளம். விளம்பரமும் துணுக்கும் பாதி ஜோக்குமாக ஐந்து தடிப் புத்தகங்கள். இவை பாகம் பாகமாகத்தான் இரவல் போகும். இன்று எந்த வீட்டில் பார்த்தாலும் 'புது வெள்ளம்' இருக்கும், 'சுழற்காற்று' இருக்கும், நான்கும் ஐந்தும் இருக்கும். 'கொலை வாள்' இருக்காது. முதலிரண்டு பாகங்களைப் படித்தவர் வேகத்தில் மூன்றையும் வாங்கிக்கொண்டு போய், அறுவடையிலோ கல்யாணத்திலோ பரீட்சையிலோ சிக்கி நின்றுவிடுகிறார். பிறகு கூச்சம் வேலை செய்கிறது.

டவுனில் ஒரு வீட்டில் மட்டும் இது முறிந்தது. மகனுக்கே கல்யாணமாகிவிட்ட ஒருவர், இளவட்டத்தில் வாங்கிப்போன மூன்றாம் பாகத்தை ஒரு சாயங்காலம் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ரிட்டயர் ஆகிப் படித்து முடித்துவிட்டாராம். மன்னிப்பு, விசாரிப்பு எதுவும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"நந்தினி மேல ஒரு தப்பும் இல்ல வே."

"உமக்கு மூணாம் பாகத்து நியாயம். நாலைப் படியும், அப்பொறம் பேசும்."

"அப்ப எடும் அதை."

காப்பி வந்தது. நந்தினியின் தரப்பு வாதம் விளக்கு வைத்த பிறகும் நீண்டது. நான்காம் பாகம் கொடுக்கப்பட்டது. தேதி எதுவும் குறித்துக்கொள்ளப்படவில்லை.