உப்புத் தண்ணீர்

அந்தக் காலத்தில் மூட்டுவலி என்றால் என்னவென்றே தெரியாது, எல்லாரும் கேப்பைக் களி தின்று திடமாக இருந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் யாரும் அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் குடியிருந்தவர்கள் இல்லை. எங்கள் தெருவில் ஐம்பது தாண்டிய பெண்களில் நேராக நடந்தவர்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டும். மற்றவர்களெல்லாம் முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து, இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து, தேர் அசைகிற மாதிரிதான் கோயிலுக்குப் போவார்கள். அதை நோய் என்று யாரும் சொன்னதில்லை. "வயசாயிட்டுல்லா" என்பார்கள். வயது அப்போதெல்லாம் நாற்பத்தெட்டிலேயே ஆகிவிடும்.

என் ஆச்சிக்கு இரண்டு காலும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் காலை நீட்டுவாள். பேத்திகளில் யார் கண்ணில் படுகிறாளோ அவளுக்கு அன்றைக்கு வேலை. இருப்புச்சட்டியில் கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, சூடு தாங்குமா என்று நம் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஆச்சியின் முட்டில் ஒற்ற வேண்டும். உப்பு ஆறினால் மறுபடி அடுப்பு. அது முடிந்தால் எருக்கிலையில் விளக்கெண்ணெய் தடவி, தணலில் வாட்டி, முட்டைச் சுற்றிக் கட்டு. "ஏட்டி, சிரட்டை மேல அமுக்காத, ரெண்டு பக்கமும் அமுக்கு" என்று நடுநடுவே அதட்டல். அரைமணி நேரம் ஆகும். அதற்குள் தெருவில் யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரம் முழுதும் நமக்கு வந்து சேர்ந்துவிடும். "இப்பத் தேவலட்டி" என்று எழுந்து படுக்கப் போவாள். காலையில் பழையபடி.

ஒத்தடத்துக்குக் கேட்காத வருஷம் வைத்தியர் மண்கலயத்தில் அட்டை கொண்டுவருவார். குடும்பத்தின் முதல் பி.எஸ்ஸி.யான என் சித்தப்பா ஒருநாள், விஞ்ஞான யுகத்தில் என்ன காட்டுமிராண்டித்தனம் என்று கத்தி, வைத்தியரையும் கலயத்தையும் சேர்த்தே தெருவில் இறக்கிவிட்டார். 2003-இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து மருத்துவர்கள், முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 51 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு முட்டில் அட்டை விட்டார்கள். மறுபாதிக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு. ஏழாம் நாள் பார்த்தால் அட்டைக் கடி பட்டவர்களுக்குத்தான் வலி குறைவு. அமெரிக்க மருத்துவர்களின் பெரிய இதழ் ஒன்று அதை மரியாதையாக வெளியிட்டது. 2016-இல் அதே ஜெர்மனியில் 81 பேரை வைத்து முட்டைக்கோஸ் இலையை முழங்காலில் கட்டும் சிகிச்சையைச் சோதித்தார்கள். நான்கு வாரம் கட்டியதில், வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவர்களைவிடத் தேவலை, களிம்பைவிட மேல் என்று சொல்வதற்கில்லை என்று முடிவு வந்தது. எருக்கு கிடைக்காத ஊர், பாவம்.

ஆச்சியின் கடைசிக் காலத்தில் ஊருக்கு எம்.பி.பி.எஸ். வந்துவிட்டார். நல்ல மனுஷர். நாற்காலியில் இருந்தபடியே முட்டைப் பார்த்துவிட்டு, "எலும்பு தேய்ஞ்சிருக்கு பாட்டி. இனிமே தேயாமப் பாத்துக்கணும். தரையில உக்காராதீங்க, படி ஏறாதீங்க, நடையக் குறைங்க" என்றார். அப்பா அன்று சாயங்காலமே ஈசிசேர் வாங்கி வந்தார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஆச்சியின் தொடைச் சதை கரைந்து, எடை ஏறி, அந்த ஈசிசேரிலிருந்து எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மருத்துவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்ட நோயாளி எங்கள் குடும்பத்தில் ஆச்சி ஒருத்திதான்.

மூட்டில் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. கால் மடங்கி நீளும்போது, மூட்டுக்குள் இருக்கிற வழவழப்பான திரவம் அதற்குள் அழுந்திப் புகுந்து வெளியே வருகிறதே, அதில்தான் அதற்குச் சாப்பாடு. அசையாமல் வைத்தால் பட்டினி. 1997-இல் அமெரிக்காவில் 60 வயது கடந்த 439 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. சிலரை நடக்கவிட்டார்கள், சிலரை எடை தூக்கவிட்டார்கள், மற்றவர்களை உட்காரவைத்துச் சுகாதாரப் பாடம் எடுத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, பாடம் கேட்டவர்களைவிட உடம்பை அசைத்தவர்களுக்கு வலி கொஞ்சம் குறைவு, நடை கொஞ்சம் சுறுசுறுப்பு. எக்ஸ்ரேயில் மூட்டு கூடுதலாகக் கெட்டிருக்கவும் இல்லை. ஈசிசேர் அதற்குள் பரணுக்குப் போயிருந்தது.

அப்பா ஓய்வுபெற்ற காலத்தில் மூட்டுவலி ரொம்ப முன்னேறியிருந்தது. அதாவது, அதற்குக் கேமரா வந்திருந்தது. முட்டில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவி, பிசிறைச் செதுக்கிவிடுவார்கள். தையல்கூட இரண்டு மூன்றுதான். மதுரையில் ஒரு மருத்துவமனையில் அப்பாவுக்குச் செய்தார்கள். திரும்பி வந்து, உள்ளே எடுத்த படத்தைப் பூஜை அறைச் சுவரில் மாட்டாத குறையாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். வலியும் கேட்டிருந்தது.

பிறகு 2002-இல் ஹூஸ்டன் விஷயம் வெளியானது. அங்கே முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர், 180 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குக் கழுவல், ஒரு கூட்டத்துக்குச் செதுக்கல், மூன்றாவது கூட்டத்துக்கு நாடகம். நாடகத்தில் மயக்கத்துக்கு மருந்து உண்டு, தோலில் மூன்று கீறல் உண்டு, மருத்துவர் ஒவ்வொரு கருவியாகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது உண்டு. கழுவுகிற சத்தம் காதில் விழ வேண்டுமே என்று உப்புத் தண்ணீரைச் சளப் சளப்பென்று அடித்ததும் உண்டு. கருவி மட்டும் மூட்டுக்குள் போகவில்லை. சோதனையில் சேர்ந்தவர்கள், தங்களுக்கு வெறும் பாவனை அறுவையும் நடக்கலாம் என்று தெரிந்துதான் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்ததில், நிஜமாகக் கழுவப்பட்டவர்களும் செதுக்கப்பட்டவர்களும், சத்தம் மட்டும் கேட்டவர்களைவிட எந்தக் கட்டத்திலும் மேலாக இருந்ததில்லை. எல்லாருக்குமே முன்னைக்குத் தேவலை.

இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவங்களுக்குப் பொய்யாச் செஞ்சுருக்கான். எனக்கு நெசமாச் செஞ்சாங்க. ரெண்டும் ஒண்ணாம்மா?" என்றார். புள்ளியியல் படித்த எவருக்கும் இதற்குப் பதில் சொல்ல நெஞ்சு வராது.

எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கை அப்பா வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் மூட்டுக்காக நாள் தவறாமல் விழுங்கிய குளுக்கோசமைன் மாத்திரை பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. அதற்கடுத்து முட்டில் போட்ட பசை போன்ற ஊசியின் மூலப்பொருள் சேவல் கொண்டை. கோழி, முட்டை ஒவ்வாதவர்களுக்கு டப்பாவுக்குள் இருந்த தாளில் ஓர் எச்சரிக்கை பொடி எழுத்தில் இருந்தது. அதை நான்தான் படித்தேன், படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இறால் ஓட்டைப் பற்றி 2006-இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் செய்த சோதனை, மொத்தத்தில் வெறும் மாவு மாத்திரையைவிட அது மேல் இல்லை என்றது. நண்டும் போச்சு, சைவமும் போச்சு.

நடுவே டைக்ளோஃபெனாக். அப்பாவின் தலைமாட்டில் களிம்பாகவும் மாத்திரையாகவும் இருந்த அதே மருந்தை நாட்டில் மாடுகளுக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்து போட்ட மாடு செத்தால் அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக விழுந்தன. 2006-இல் இந்தியா அதை மாட்டுக்குப் போடக் கூடாது என்று தடுத்தது. நமக்குத் தடை இல்லை. நம்மைத் தின்னக் கழுகு வருவதில்லை அல்லவா. மூட்டுவலிக்கென்றே வந்த இன்னொரு மாத்திரை, ரோஃபெகாக்சிப், இதயத்தைப் பதம் பார்க்கிறது என்று 2004-இல் கடையிலிருந்தே போய்விட்டது.

இத்தனை கேலி பேசினாலும் பெரியம்மா விஷயத்தில் எனக்குக் கேலி வராது. பெரியம்மாவுக்கு வந்தது தேய்மானம் இல்லை, முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுச் சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய். காலையில் விரல் மடங்காது. தலைமுடியைத் தானே கொண்டை போட முடியாமல், பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் இருக்கிற எங்களைக் கெஞ்சுவாள். ஆஸ்பிரின்தான் மருந்து. நாற்பது வயதில் விரலெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த மெத்தோட்ரெக்சேட்டைச் சின்ன அளவில் வாரம் ஒருமுறை கொடுத்தால் இந்த நோய் அடங்குகிறது என்று 1985-இல் சோதனைகள் காட்டின. 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெரியம்மா மகளுக்கும் அதே நோய் வந்தது. அவள் வாரம் ஒருநாள் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை என்று ஓட்டுகிறாள். தேங்காய் துருவுகிறாள், அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள், விரல் பத்தும் நேராக இருக்கிறது. சோதனையில் எதிரே நிறுத்திய வெறும் மாவு மாத்திரை இங்கே தோற்றது, சந்தேகமில்லாமல் தோற்றது. மூட்டுவலி எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணெய் விற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

இப்போது என் முறை. எனக்குத் தேய்மானம்தான், வலது முட்டு. பாளையங்கோட்டையில் பிசியோதெரபி படித்த நாகர்கோவில் பெண் ஒருத்தி, ஒரு தடவைக்கு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, கட்டிலில் படுக்கவைத்து, சுருட்டிய துண்டை என் முட்டுக்கு அடியில் வைக்கிறாள். "துண்டக் கீழ அமுக்குங்கம்மா. பத்து எண்ணுற வரைக்கும் விடாதீங்க." அமுக்கினால் சிரட்டை மேலே ஏறுகிறது, தொடைச் சதை துடிக்கிறது. ஏழு எண்ணுவதற்குள் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, எங்கேயும் ஊன்றாமல் எழ வேண்டும். தரையில் உட்காரலாமா என்று கேட்டேன். "உட்காரலாம்மா. எழுந்திருக்கத் தெரிஞ்சிட்டு உட்காருங்க" என்றாள். ஆச்சிக்கு விலக்கப்பட்டதெல்லாம் எனக்குக் கட்டணம் வைத்துத் திரும்பி வந்திருக்கிறது. எடையையும் குறைக்கச் சொல்கிறாள். ஒரு கிலோ குறைந்தால் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் முட்டின் மேல் நான்கு கிலோ பாரம் குறையும் என்று 2005-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வை முழுமனதாக ஏற்றுக்கொண்டு, வேறு சிகிச்சைகளைப் பரிசீலித்துவருகிறேன்.

பரிசீலித்தவரையில் நிலவரம் இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருஷம் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்தது ஓர் ஆய்வு, 140 பேர், 2017-இல் வெளியானது. எதிர்க் கூட்டத்துக்கு உப்புத் தண்ணீர் ஊசி. வலியில் வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. சொந்த ரத்தத்தையே சுழற்றிப் பிரித்து மூட்டில் ஏற்றும் பி.ஆர்.பி. ஊசியை 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். எதிரே நின்றது மறுபடி உப்புத் தண்ணீர். ஒரு வருஷம் கழித்தும் அதை ஜெயிக்க முடியவில்லை. எந்தப் புது மருந்து வந்தாலும் எதிரே உப்புத் தண்ணீரை நிறுத்துகிறார்கள், அநேகமாக அது தோற்பதில்லை.

பிசியோதெரபிக்காரர்கள் இதையெல்லாம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள், காரணமும் இருந்தது. 2020-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நேருக்கு நேர் மோதவிட்டபோது, ஒரு வருஷ முடிவில் ஸ்டீராய்டு ஊசியைவிடப் பயிற்சிதான் மேல் என்று வந்திருந்தது. அப்புறம் டென்மார்க்காரர்கள் குட்டையைக் குழப்பினார்கள். 206 பேரில் பாதிக்கு எட்டு வாரம் பயிற்சியும் பாடமும். மீதிக்கு அதே எட்டு வாரத்தில் நான்கு உப்புத் தண்ணீர் ஊசி. மறைக்கவும் இல்லை, வெறும் உப்புத் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டே போட்டார்கள். முடிவில் இரண்டு கூட்டத்துக்கும் தேவலை, ஏறக்குறைய ஒரே அளவு.

நான் துண்டை அமுக்குவதை விடவில்லை. வலி குறைவது போக, டவுன் பஸ் படி ஏறவும் தொடை வேண்டியிருக்கிறது. உப்பு ஊசி அதைத் தராது. அந்த நாகர்கோவில் பெண் வந்தால் அரைமணி நேரம் என் முட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறாள், அதற்கும் ஒரு விலை உண்டு, 400 ரூபாயில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் மதினி வந்திருந்தாள். அவளுக்கு இரண்டு முட்டும். டென்மார்க் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த ஊசி இங்க எங்க போடுதாங்க?"

"மதினி, அது வெறும் உப்புத் தண்ணி. சொல்லிட்டேதான் போட்டுருக்காங்க."

"அதான் சொன்னியே. டாக்டர்தான போட்டாரு? நம்ம ஆஸ்பத்திரியில எம்புட்டு ஆகும்னு விசாரி."