எழுபது தாண்டிய ஆட்டம்

ஏனுங்க, 40 வருசமாப் பிரிஞ்சு கிடந்த பாட்டுக் குழு மறுபடி சேர்ந்து ஆட்டப் பாட்டு போட்டா எடுபடுமா?
– வாசகி, குண்டடம்

ஸ்வீடன் நாட்டு ‘அபா’வைக் கேளுங்க அம்மணி. 1982-ல் ஒதுங்கிய நால்வர், 2021 செப்டம்பரில் ‘டோண்ட் ஷட் மீ டவுன்’ பாட்டை வெளியிட்டபோது இளையவருக்கு வயது 71, மூத்தவருக்கு 76. முதலில் குரல் தயங்கித் தயங்கித்தான் வரும். பியானோவில் விரல் ஒரு சறுக்கு சறுக்கியதும் டிஸ்கோ தாளம் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் கால் நம் பேச்சைக் கேட்காது. நால்வரும் இரண்டு ஜோடிகள், இரண்டுமே விவாகரத்தானவை. வீடுதான் இரண்டு பட்டது, தாளம் தப்பவில்லை!

அவங்க போட்ட மினுமினு உடுப்பைத் திருப்பூர்ல தைச்சா விக்குமா?
– பனியன் கம்பெனி செக்கிங் தொழிலாளி, குண்டடம்

வீதியில் போட முடியாது என்பதுதான் அந்த உடுப்பின் லாபமே! அன்றாடம் உடுத்த முடியாத ஆடைக்குத்தான் ஸ்வீடனில் வரிக்கழிவு. 2014-ல் வந்த அவர்களது புகைப்பட நூல் சொல்லும் சேதி இது.

தமிழ்ல இப்படி ஒரு குழு இல்லீங்களா?
– மாணவர், குண்டடம்

‘எஸ் 5’ இருந்ததே தம்பி! எஸ்.எஸ். மியூசிக் தொலைக்காட்சி தேர்ந்தெடுத்த ஐவர். பாடகர் பென்னி தயாள் அங்கிருந்து வந்தவர்தான், சினிமா வாரிக்கொண்டது. சினிமாவுக்கு வெளியே ஆட்டப் பாட்டுக்கு நம்மிடம் இடம் சுருங்கியே கிடந்ததில் எனக்கு நிஜமாகவே வருத்தம். ஐவரும் ஒரே ஒரு பாட்டுக்குச் சேரட்டும், முதல் ஆளாகக் கேட்பேன். நைட் ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் போடச் சொல்வது உங்கள் ஊர்க்காரர்கள் பொறுப்பு.