புத்ராஜெயா பேரனுக்குப் பெருசு சொல்ற புத்தி

வாடா பேராண்டி, உட்காரு. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கத் தேசியத் திட்டம் எழுதுற ஆபீசுல வேலையாமே! ரந்தாவ் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் காண்டா தூக்கின வம்சம், இப்ப கோப்பு தூக்குது. சந்தோசம். மூணே மூணு புத்தி சொல்றேன், காதுல வாங்கிக்க.

முதல்ல, அவசரப்படாதே. 2009ல நம்ம நாட்டுக்கு ஒரு பருவநிலைக் கொள்கை போட்டாங்க. ரெண்டாவது 2024லதான் வந்துச்சு. அந்த 2009ல நட்ட ரப்பர் கன்னு ஆறேழு வருசத்துலயே வெட்டுக்கு வந்திருக்கும். மரத்துக்குக் கூட்டம் கீட்டம் கிடையாது பாரு. இப்ப நீங்க எழுதுற திட்டத்துக்குப் பசுமைப் பருவநிலை நிதியம் சுமார் 3 மில்லியன் டாலர் கொடுத்திருக்கு. எழுதுறதுக்கே காசுன்னா, சீக்கிரம் முடிச்சு என்ன லாபம்?

ரெண்டாவது, தோட்டத்துல உழைச்ச எங்ககிட்ட எதையும் கேட்டுத் தொலைக்காதே. கேட்டா, விடியக்காலை மழையில பட்டை நனைஞ்சா பால் வெட்டின கோட்டை விட்டு வழிஞ்சிடும், மங்குல விழாது, அன்னைக்கு வெட்டு இல்லைம்போம். வறட்சி அடிச்சா செம்பனை ஆண்பூவாத் தள்ளும், குலை குறையறது ஒன்றரை ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும்போம். அதுக்குள்ள அமைச்சரே மாறிடலாம். உனக்கெதுக்கு வம்பு?

மூணாவதுதான் முக்கியம்: எந்த வேலையை யாரு செய்யணும்னு மட்டும் எழுதிடாதே. ஏன்னு கேளு: 2014ல நம்ம நெகிரி செம்பிலான்ல தண்ணி நெருக்கடின்னு அறிவிச்சாங்க. 2021 டிசம்பர்ல அதே மாநிலத்துல வெள்ளம். அந்தப் பருவத்து வெள்ளத்துல நாட்டுக்கே 6.1 பில்லியன் வெள்ளி நட்டம். கொள்கை எழுதுறது கூட்டரசு. நிலமும் தண்ணியும் மாநிலத்தோட அதிகாரம். லயத்து ஓரத்துக் கால்வாயோ தோட்டக் கம்பெனி நிலத்துல ஓடுது. வெள்ளம் வந்தா மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுவாங்க. உங்க பாட்டி அரிசி மூட்டையை அலமாரி மேல ஏத்திக்கிட்டிருப்பா.

இதையெல்லாம் கேட்டு நடந்தேன்னா பதவி உயர்வு நிச்சயம். கேக்கமாட்டேன்னு அடம் பிடிச்சா, திட்டத்துல ஒரு பக்கம் சேர்த்துடு: எந்தக் கால்வாயை, யாரு, யாரு காசுல, எந்தத் தேதிக்குள்ள தூர் வாரணும்னு. பேரைப் போட்டே எழுது. பேர் கூப்பிடாத வேலைக்குப் பெரட்டுல எவனும் முன்னால வந்து நின்னதை நான் பார்த்ததில்லடா.