புகழ்மண்டப வழக்காடலில் அளவைகள்: ஓர் ஆய்வு

புகழ்மண்டப வழக்காடல் என்பது, ஆடி ஓய்ந்த பேஸ்பால் வீரர் ஒருவர் அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தில் வெண்கலப் பலகை பெறத் தக்கவரா என்பதைப் பற்றி, அவரை நேரில் சந்தித்திராத இருவர் குரல் உயர்த்திப் பேசுவதாகும். வாக்கு முடிவு ஜனவரியில் வெளியாவதால், மைதானங்கள் பூட்டிக் கிடக்கும் குளிர்காலத்தில் இது உச்சம் பெறுகிறது. ஆட்டத்துக்குப் பந்தும் மட்டையும் வேண்டும். வழக்காடலுக்கு எதிராளி ஒருவர் போதும்.

1. விதிகள்

நியூயார்க் மாநிலத்தின் சிற்றூரான கூப்பர்ஸ்டவுனில் 1939 ஜூன் 12 அன்று மண்டபம் திறக்கப்பட்டது. பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டுகள் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவர்கள் வாக்களிக்கிறார்கள். ஒரு சீட்டில் பத்துப் பெயர்கள் வரை குறிக்கலாம். ஆட்டக்காரர் பத்துப் பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் ஐந்தாண்டுகள் கழிய வேண்டும். 75 விழுக்காடு பெற்றால் உள்ளே. 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பட்டியலை விட்டு வெளியே. இடைப்பட்டவர்கள் இப்போதைய விதிப்படி பத்து முறை வரை காத்திருக்கலாம். அதிலும் தவறியவர்களுக்கு 16 பேர் கொண்ட தனிக்குழு உண்டு; அங்கே 12 வாக்குகள் வேண்டும்.

எண்கள் இத்துடன் முடிகின்றன. தகுதி எது என்ற இடத்தில் விதிநூல் ஆட்டப் பதிவு, ஆடும் திறன், நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணநலன், அணிக்கு ஆற்றிய பங்கு ஆகியவற்றைக் கருத வேண்டும் என்கிறது. எத்தனை ஹிட்டுகளுக்கு எவ்வளவு குணநலன் ஈடு என்று சொல்லவில்லை. வழக்காடல் குடியேறியது இந்த இடைவெளியில்தான்.

2. அளவைகள்

மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளைக் கூறுகிறான். அவற்றுள் ஆறு இவ்வழக்கில் மிகுதியாகப் பயில்கின்றன.

காட்சி. கண்ணால் கண்டதே சான்று என்பது. இதன் தலைசிறந்த எடுத்துக்காட்டு ஜாக் மாரிஸ். 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பத்து இன்னிங்ஸ் பந்து வீசி, எதிரணிக்கு ஒரு ரன்னும் விடாதவர். அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி 3.90 என்று எதிர்த்தரப்பு சொன்னால், "அன்று நீ பார்த்தாயா?" என்பதே விடை. எழுத்தாளர்களிடம் பதினைந்து முறை தோற்ற மாரிஸ், 2018இல் குழுவின் வழியே உள்ளே போனார்.

கருதல். காணாததைக் கணக்கால் அறிவது. ஒருவருக்குப் பதிலாக எளிதில் கிடைக்கும் சாதாரண ஆட்டக்காரர் இறங்கியிருந்தால் அணி எத்தனை வெற்றிகளை இழந்திருக்கும் என்று இவ்வளவையார் கணக்கிடுவர். ஜே ஜாஃபி வகுத்த முறை, அந்த எண்ணின் வாழ்நாள் கூட்டுத்தொகையையும் சிறந்த ஏழு பருவங்களின் கூட்டுத்தொகையையும் சேர்த்துச் சராசரி காண்கிறது. ஆடவே ஆடாத ஒருவரை அளவுகோலாக வைத்து ஆடியவரை அளப்பது இதன் நுட்பம்.

உவமம். "இவர் உள்ளே என்றால் அவர் ஏன் வெளியே?" என்பது இதன் வாய்பாடு. எழுத்தாளர்களிடம் 6.1 விழுக்காட்டைத் தாண்டாத ஹெரால்ட் பெயின்ஸ், குழுவில் சரியாக 12 வாக்குகள் பெற்று 2019இல் பலகை ஏறினார். அக்குழுவில் அவருடைய பழைய அணியின் உரிமையாளரும் பழைய மேலாளரும் இருந்தனர். அன்று முதல், பெயின்ஸைவிட ஒரு நூலளவு மேம்பட்ட எவருக்கும் வாதம் ஆயத்தமாக இருக்கிறது.

ஆகமம். விதிநூலே சான்று என்பது. குறிப்பாகக் குணநலன் என்ற சொல். 762 ஹோம் ரன்கள் அடித்த பேரி பாண்ட்ஸும் 354 வெற்றிகள் பெற்ற ரோஜர் கிளெமன்ஸும் ஊக்கமருந்து ஐயத்தால் 2022இல் தங்கள் கடைசி வாய்ப்பில் 66.0, 65.2 விழுக்காடுகளில் நின்றனர். அந்தக் காலத்தில் ஆணையராக இருந்து ஆட்டத்தை நடத்திய பட் செலிக், 2017இலேயே உள்ளே போய்விட்டார். ஆகமம் அவர் வரும்போது கண்ணயர்ந்திருந்தது போலும்.

ஐதிகம். மரத்தில் பேய் இருப்பதாக ஊரார் சொன்னால் நம்புவது. மண்டபமே இதன் மேல் நிற்கிறது. 1839இல் ஆப்னர் டபுள்டே கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பாலைப் படைத்தார் என்று 1907இல் ஓர் ஆணையம் முடிவு கூறியது. அந்த ஆண்டு அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் மாணவர்.

அபாவம். இல்லாததைக் கொண்டு வாதிடுவது. 4,256 ஹிட்டுகள் அடித்த பீட் ரோஸ், சூதாட்டத்துக்காக 1989இல் தடை பெற்றார். தடை பெற்றவர் பெயர் சீட்டில் வரலாகாது என்று மண்டபம் 1991இல் விதித்தது. வந்திருந்த பெயர்களை விட வராத இந்தப் பெயருக்கே வாதம் அதிகம். ரோஸ் 2024இல் இறந்தார்; தடை இறப்போடு தீரும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. இவ்வளவையின் இன்னொரு வகை வெற்றுச் சீட்டு: 2021இல் 401 பேரில் 14 பேர் ஒருவர் பெயரையும் குறிக்காமல் அனுப்பினர். அவ்வாண்டு எவரும் தேர்வாகவில்லை.

3. ஓய்வுக்குப் பின் வளர்ச்சி

1992இல் கடைசிப் பந்தை வீசிய பெர்ட் பிளைலெவன், 1999இல் 14.1 விழுக்காடு பெற்றார், 2011இல் 79.7. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய 287 வெற்றிகள் 288 ஆகவில்லை. லாரி வாக்கரும் 2014இல் 10.2 விழுக்காட்டில் இருந்து, 2020இல், கடைசி வாய்ப்பில், 76.6ஐ எட்டினார். மாறியவர்கள் வாக்காளர்கள்: சிலர் மூத்து விலகினர், சிலர் கருதல் அளவைக்கு மாறினர். ஆகவே ஓர் ஆட்டக்காரரின் தகுதி அவர் ஆடிய ஆண்டுகளை மட்டுமன்றி, அவரைப் பற்றி வழக்காடிய ஆண்டுகளையும் பொறுத்தது என்பது பெறப்படும்.

4. ஒருமனம்

1936இல் நடந்த முதல் தேர்தலில் 226 பேரில் டை காப்புக்கு 222 பேரும் பேப் ரூத்துக்கு 215 பேரும் வாக்களித்தனர். ரூத்துக்கே கிட்டாத முழு வாக்கு வேறு யாருக்கும் கூடாது என்ற வழக்கம் பின்னர் வேரூன்றியது. 2019இல் மரியானோ ரிவேரா 425க்கு 425 பெற்று அதை முறித்தார். வழக்காடலுக்கு நேர்ந்த இந்த ஆபத்து நீடிக்கவில்லை. 2020இல் டெரெக் ஜீட்டருக்கு 397இல் 396. 2025இல் இச்சிரோ சுசுகிக்கு 394இல் 393. இவ்விருவரின் தகுதியில் ஐயம் இல்லாததால், விடுபட்ட ஒரு வாக்குக்கு உரியவர் வாக்களிக்கத் தகுதியுள்ளவரா என்று ஆராய்ச்சி திரும்பியது. அந்த எழுத்தாளரைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்த இச்சிரோ, ஜூலையில் நிகழ்த்திய ஏற்புரையில் அந்த விருந்தழைப்பு காலாவதியாகிவிட்டதாக அறிவித்தார். இத்துறையில் திட்டவட்டமான முடிவு எட்டப்பட்ட சிக்கல் இது ஒன்றே.