ஒரே ஜெர்சி, பத்தொன்பது வருஷம்

வாசகர் ஒருவர், கம்பைநல்லூர்.

கே: காசுக்காக அணி மாறாமல் ஒரே கிளப்புக்கு ஆடிய கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் நம் நாட்டில் உண்டா?

ப: சைலேன் மன்னா! ஹவுராக்காரர். 1942-ல் கொல்கத்தா கிளப்பான மோகன் பகானில் சேர்ந்தார். ஹவுராவிலிருந்து ஆற்றைத் தாண்டினால் கிளப் மைதானம். 1960 வரை வேறு கிளப் ஜெர்சியைத் தொடவே இல்லை. பிழைப்புக்கு, புவியியல் ஆய்வுத் துறையில் வேலை.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். எதிரே பூட்ஸ் போட்ட பிரான்ஸ். நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்கால். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீண். அதில் ஒன்று மன்னா அடித்தது. 2-1 தோல்வி. பெனால்டியைக் கோட்டைவிட்ட ஆளை நாம் என்ன பாடு படுத்துவோம்! அவரையே கேப்டனாக்கினார்கள். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கத்தோடு வந்தார். எனக்கு அந்தத் தங்கத்தைவிட, தோற்றவன் மேல் வைத்த அந்த நம்பிக்கைதான் பெரிசு.

உங்கள் ஊரில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பையன் இருந்தால், பூட்ஸ் வாங்கித் தரும்போது மன்னா கதையையும் சொல்லுங்கள்.