விரலுக்குப் பயிற்சி, மூளைக்கு விடுமுறை

கேள்வி: தினமும் ஆன்லைனில் இருபது செஸ் ஆட்டம் ஆடுகிறேன். ஆறு மாதமாகியும் ரேட்டிங் படுத்தே கிடக்கிறது. ஆடி ஆடியே கற்றுக்கொள்ள முடியாதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும். ஆனால் 3 நிமிட ஆட்டத்தில் பயிற்சி விரலுக்குத்தான், மூளைக்கு விடுமுறை. 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று வைத்து, இரண்டே ஆட்டம் ஆடுங்கள்.

தோற்றதும் ‘ரீமேட்ச்’ பொத்தானை அமுக்காதீர்கள். அது சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்கிற புத்தி. ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டி, எங்கே சறுக்கினோம் என்று முதலில் நீங்களே தேடுங்கள். பிறகு கணினியைக் கேளுங்கள். லிசெஸ் தளத்தில் அதற்குக் காசு கிடையாது.

நாலே நகர்த்தலில் மேட் ஆகிறீர்களா? எதிராளியிடம் பெரிய வித்தை ஏதுமில்லை. ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத எஃப்7 சிப்பாயை ராணியும் பிஷப்பும் சேர்ந்து குறிவைக்கின்றன, அவ்வளவுதான். அதில் ஒருமுறை விழுந்தால் பாடம். பத்துமுறை விழுந்தால் நீங்கள் வாடிக்கையாளர்.

எதிராளி காய் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் உங்களையே கேளுங்கள்: ‘இதை ஏன் நகர்த்தினார்?’ வீட்டில் சாப்பாட்டுத் தட்டு ‘டொக்’கென்று வந்தால் காரணம் தேடுகிறீர்களே, அதே கவனம் போதும்!